ஆளுமைக் கோளாறு உள்ள கைதிகளுக்கு மனநல சிகிச்சை பலன் தருமா?

கேள்விக்குக் கீழேயே "சைக்கோக்களைத் திருத்தவா முடியும்?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் உளவியல் ஆலோசகன். சேலத்தில் ஒரு தொண்டு அமைப்பு மூலமாக, வாரத்துக்கு ஒரு நாள் என்று நாலு வருஷம் சிறைக்குள் போய்க் கைதிகளோடு உட்கார்ந்து பேசியிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். ஆட்களின் அடையாளத்தை மாற்றித்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்த 'சைக்கோ'. 12 நாடுகளின் சிறை ஆய்வுகளைத் தொகுத்து 2002-இல் லான்செட் இதழில் ஒரு கட்டுரை வந்தது. ஆண் கைதிகளில் 65 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு ஆளுமைக் கோளாறு, அதாவது யோசிக்கிற, பழகுகிற விதமே நீண்ட காலமாகச் சிக்கலாக அமைந்துவிட்ட நிலை. 47 சதவீதம் பேருக்கு அதில் ஒரு வகையான சமூக விரோத ஆளுமைக் கோளாறு, அதாவது சட்டத்தையும் அடுத்தவர் உரிமையையும் தொடர்ந்து மீறுகிற போக்கு. உள்ளே இருப்பவர்களில் பாதிப் பேர் படத்தில் வருகிற வில்லன்களாக இருக்க முடியுமா என்ன? பெரும்பாலும் சின்ன வயதிலிருந்தே அடிபட்டு, அடித்து, எதையும் யோசிக்கும் முன்னால் கை நீட்டிப் பழகியவர்கள். குரல் கேட்கிறது, யாரோ துரத்துகிறார்கள் என்றால் மாத்திரை கொடுத்து ஓரளவு அடக்கலாம். இந்தக் குணத்துக்கென்று மாத்திரை கிடையாது. கூடவே இருக்கிற குடிக்கும் மனச்சோர்வுக்கும்தான் மருந்து. 2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டம்கூட மனநோய் என்பதைச் சிந்தனை, மனநிலை, புலனுணர்வு, நினைவு போன்றவற்றில் வரும் கோளாறாகத்தான் விளக்குகிறது. ஆளுமை என்ற சொல் அந்த விளக்கத்தில் இல்லை. அதனால் இவர்கள் ஆஸ்பத்திரிக்கும் சிறைக்கும் நடுவில் தொங்குகிறார்கள்.

சரி, என்னதான் செய்வோம்? அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன் உருவாக்கிய டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி என்ற, கொந்தளிக்கிற உணர்ச்சியைக் கையாளப் பழக்கும் பேச்சுச் சிகிச்சையில் ஒரு பயிற்சி உண்டு. ஒரு சண்டையை எடுத்துக்கொண்டு, அது வந்த வழியைச் சங்கிலி மாதிரி கண்ணி கண்ணியாகப் பின்னோக்கி எழுதுவது. அடிதடி வழக்கில் வந்த ஒருத்தன், முப்பது வயது இருக்கும், டம்ளருக்காகப் பக்கத்து ஆளின் மூக்கை உடைத்திருந்தான். முதல் நாள் எழுதியது ஒரே வரி: "அவன் என் டம்ளரை எடுத்தான், அடிச்சேன்." அதுக்கு முன்னால் என்ன, அதுக்கும் முன்னால் என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். ஆறு வாரம் போனது. நோட்டில் கடைசியாக வந்து நின்றது: "நேத்து அம்மா மனு போட்டு என்னைப் பார்க்க வரல. ராத்திரி தூங்கல. காலைல கஞ்சி சாப்பிடல." படித்துவிட்டு, "அப்ப அவன் மேல கோவமே இல்லீங்களா சார்?" என்றான். மூக்கு உடைந்தவனுக்காக அவன் வருத்தப்படவில்லை, அன்றைக்கும் சரி, அப்புறமும் சரி. நானும் அதைக் கேட்பதை விட்டுவிட்டேன். கோபத்துக்கும் கைக்கும் நடுவில் பத்து நிமிஷம் கிடைத்தாலே அடுத்த கேஸ் வராது.

தோற்ற கதையும் உண்டு. மோசடிக் கேஸில் வந்த ஒருவர் அருமையாகப் பேசுவார். கைதிகளை வட்டமாக உட்கார வைத்து நான் நடத்திய குழுவில் அழுவார், மற்றவர்களையும் அழ வைப்பார். மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது, குழுவில் யார் எதற்குக் கலங்குகிறான் என்று கவனித்து, அதை வைத்தே அவர்களிடம் வேலை வாங்கிக்கொண்டிருந்தார். நான் நடத்தியது அவருக்கு நல்ல டியூஷன் ஆகிவிட்டது. கனடாவில் ஓக் ரிட்ஜ் என்ற காவல் மனநல மருத்துவமனையில் 1960-களில் கைதிகளே ஒருவருக்கொருவர் சிகிச்சை தருகிற முறையை நடத்தினார்கள். பிறகு கணக்குப் பார்த்தபோது சைக்கோபதி (இரக்கமோ குற்ற உணர்வோ இல்லாமல் அடுத்தவரைப் பயன்படுத்திக்கொள்ளும் குணம்) உள்ளவர்கள், சிகிச்சை பெறாத தங்கள் வகையினரைவிட அதிகமாக வன்முறைக் குற்றம் செய்திருந்தார்கள். மற்றவர்களுக்குக் குறைந்திருந்தது. அதனால் எல்லோரையும் ஒரே வட்டத்தில் உட்கார வைப்பதை நான் நிறுத்தினேன்.

டம்ளர்காரன் வெளியே வந்தபோது நான் ஒரு தப்பு செய்தேன். அமைதியான இடம் நல்லது என்று ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் சேர்த்துவிட்டேன். பழம் பறிக்கிற சீசன் வரைக்கும் சரியாக இருந்தான். சீசன் முடிந்ததும் ஆள் நடமாட்டம் இல்லை, குளிர், கையில் கூலிக் காசு. குடி ஆரம்பித்தது. ஒரு வழக்கு விழுவதற்குள் கீழே கூட்டிவந்துவிட்டோம், அவ்வளவுதான். பிறகு சிவதாபுரம் பக்கம் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறை. சின்ன ரூமில் எட்டுப் பேர், பாட்டுச் சத்தம், காலையில் வெள்ளியை எடை போட்டுக் கொடுத்து சாயங்காலம் எடை போட்டு வாங்குவார்கள். நான் பயந்த இடம் அது. ஆனால் அங்கேதான் ஒட்டிக்கொண்டான். நேரத்துக்கு வரணும், வராவிட்டால் "எங்கடா?" என்று கேட்க ஆள் இருக்கிறது.

போன வருஷம் ஒரு நாள் எடை குறைந்தது. தேய்மானத்துக்கு மேல் போயிருக்கிறது என்று ஓனர் எல்லோர் எதிரிலும் இவனைப் பார்த்துக் கேட்டுவிட்டார். எனக்கு போன் வந்தது: "சார், டீக்கடைல நிக்கறேன். இன்னும் பத்து நிமிஷம் நிப்பேன்." பின்னால் யாரோ வடைக்குச் சில்லறை கேட்கிற சத்தம். நான் ஒன்றும் பேசவில்லை, லைனிலேயே இருந்தேன். இரண்டு டீ குடித்துவிட்டுத் திரும்பிப் போனான். குறைந்த வெள்ளி சாயங்காலம் தரையைக் கூட்டிய தூசியில் கிடைத்ததாம். வெளியே போன நேரத்துக்கு அரை நாள் கூலியைப் பிடித்துவிட்டார்கள் என்று அடுத்த வாரம் முழுக்க என்னிடம் புலம்பினான்.