கிணறு சவர்த்தால் மாமரத்துக்கு என்ன வழி? – வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தண்ணீரைப் பற்றித்தான். கச்சான் என்கிற வறண்ட தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கிவிட்டால் திருகோணமலையில் பழத்தோட்டம் வைத்திருக்கிற எல்லோருக்கும் இதே கவலை என்பதால், மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதையே எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: ஐயா, எங்கள் காணி கடலிலிருந்து அரைக் கட்டை தூரத்தில் இருக்கிறது. மாவும் தேசியும் நிற்கின்றன. காலையில் கிணற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீராக இருக்கிறது, இரண்டு மணித்தியாலம் மோட்டர் ஓடினால் சவர்க்கிறது. கிணற்றை இன்னும் ஆழமாக்கவா, குழாய்க் கிணறு அடிக்கவா? – ஒரு வாசகர், நிலாவெளி

பதில்: இரண்டும் வேண்டாம் தம்பி. உங்கள் பக்கத்து மணல் நிலத்தில் நல்ல தண்ணீர் என்பது மாரி மழை இறங்கிச் சேர்ந்த ஒரு படை. அது உவர் நீருக்கு மேலே மிதந்துகொண்டு நிற்கிறது, ஏனென்றால் கடல் நீர் கனம் கூடியது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே சுமார் 40 அடி வரை நல்ல தண்ணீர் நிற்கும் என்பது கணக்கு. இதைத் திருப்பிப் பாருங்கள், நீங்கள் இறைத்து மேலே ஓர் அடி குறைத்தால் கீழேயிருந்து உவர் நீர் 40 அடி வரை ஏறப் பார்க்கும். பெரிய மோட்டர் போட்டு ஒரே இடத்தில் உறிஞ்சும்போது அந்த இடத்துக்கு நேர் கீழே அது கூம்பு மாதிரி மேலே வரும். காலையில் இனிப்பதும் பத்து மணிக்குச் சவர்ப்பதும் அதனால்தான். ஆழமாக்கினால் நீங்களே போய் உவர் நீரைத் தொடுகிறீர்கள்.

செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறு. சின்ன மோட்டர், காலையில் அரை மணித்தியாலம், பின்னேரம் அரை மணித்தியாலம், நடுவில் கிணறு ஊற விட வேண்டும். காணி பெரிதென்றால் ஆழம் குறைந்த இரண்டு கிணறுகளைத் தள்ளித் தள்ளி வைத்து மாறி மாறி இறையுங்கள், முன்பு துரவு என்கிற ஆழமில்லாத குழிக் கிணறு வெட்டி அள்ளித் தோட்டம் செய்தவர்களின் முறையும் கிட்டத்தட்ட அதுதான். மாரியில் கூரைத் தண்ணீரை வீதிக்கு ஓட விடாதீர்கள். 1,000 சதுர அடிக் கூரையில், நம் மாவட்டத்தில் விழுகிற ஆண்டுக்குச் சுமார் 1,500 மில்லிமீற்றர் மழைக்கு, சேதாரம் போக ஒரு லட்சம் லீற்றருக்கு மேல் கிடைக்கும். அதைச் சல்லியும் மணலும் போட்ட கிடங்கு வழியாக வடிய விட்டு நிலத்துக்குள் இறக்குங்கள்.

இன்னொன்று, இலையைப் பாருங்கள். மா இலையின் நுனி கபில நிறமாகக் கருகி, அந்தக் கருகல் ஓரத்தால் உள்ளே இறங்கினால், அதுவும் முதிர்ந்த இலையில் முதலில் தெரிந்தால், அது பெரும்பாலும் உப்பு. தண்ணீர் போதாத மரத்தில் கொழுந்துதான் முதலில் துவளும். பலர் உப்புக் கருகலைத் தாகம் என்று நினைத்து அதே சவர்த் தண்ணீரை இன்னும் கூட்டி விடுகிறார்கள், மரம் அதோடு முடிந்துவிடுகிறது. பார்க்கவே மனம் பொறுக்காது. தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று காட்டுகிற மின்கடத்துதிறனை அளந்து பாருங்கள், கைக்கு அடக்கமான மீற்றர் கடையில் இருக்கிறது. 700 மைக்ரோசீமன்ஸுக்குக் கீழே என்றால் பயமில்லை, 3,000ஐத் தாண்டினால் மாவுக்கும் தேசிக்கும் அந்தத் தண்ணீரைக் காட்டவே கூடாது. இடைப்பட்ட அளவென்றால் கவனமாகப் பாவிக்கலாம், ஆனால் மாவும் தேசியும் உப்புக்குக் கூச்சமான மரங்கள் என்பதை மறக்க வேண்டாம்.

கேள்வி: தண்ணீருக்குக் குறைவே இல்லாமல் விடுகிறோம், மாமரம் இலையாகத் தள்ளுகிறதே தவிரப் பூக்கவில்லை. உரம் போதாதா? – ஒரு வாசகர், தம்பலகாமம்

பதில்: உரத்தை விடுங்கள், தண்ணீரை நிறுத்துங்கள். மாரி ஓய்ந்த பிறகு வருகிற குளிரும் நிலம் காய்வதும்தான் மாவைப் பூக்க வைக்கிறது. அந்த நேரம் வேரடியில் ஈரம் இருந்துகொண்டே இருந்தால் மரம் கொழுந்துதான் தள்ளும். பூ வரும்வரை தண்ணீர் வேண்டாம், பூத்துப் பிஞ்சு பட்டாணி அளவுக்கு வந்ததும் தொடங்குங்கள். அங்கிருந்து காய் முற்றும்வரை விடாமல், ஒரே அளவாக. பத்து நாள் காயவிட்டு ஒரே நாளில் குளம் கட்டினால் பிஞ்சு கொட்டும், காய் வெடிக்கும். அறுவடைக்குக் கிட்டக் குறைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு என்று கேட்பீர்கள். கச்சான் காலத்தில் நாளுக்குச் சுமார் 5 மில்லிமீற்றர் ஆவியாகிறது என்று வையுங்கள். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் என்பது ஒரு லீற்றர். 5 மீற்றர் விரிந்த மரத்தின் நிழல் ஏறக்குறைய 20 சதுர மீற்றர், ஆக 100 லீற்றர், மா அவ்வளவும் கேட்பதில்லை, 60 முதல் 80 லீற்றர் போதும். அதை அடிமரத்தில் ஊற்றாமல் கிளை நுனிக்கு நேர் கீழே வட்டமாக விடுங்கள், தண்ணீரை உறிஞ்சுகிற சிறு வேர்கள் அங்கேதான் அதிகம்.

கேள்வி: அரை ஏக்கரில் பப்பாசி போட விருப்பம். ஆவணியில் கிணறு வற்றிப்போகும் என்று வீட்டுக்காரர் மறிக்கிறார். யார் சொல்வது சரி? – ஒரு வாசகி, மூதூர்

பதில்: கிணறுதான் சொல்ல வேண்டும் தங்கச்சி. இந்த ஆவணியில் ஒரு பின்னேரம் கிணற்றை இறைத்து அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து, கயிற்றில் அடையாளம் வைத்து, விடியப் போய் எவ்வளவு ஊறியிருக்கிறது என்று பாருங்கள். 3 மீற்றர் அகலமான வட்டக் கிணற்றில் ஒரு மீற்றர் ஏறியிருந்தால் 7,000 லீற்றர். காய்க்கிற பப்பாசிக்கு நாளுக்கு 20 லீற்றர் என்று வைத்தால் 350 மரம் தாங்கும், இரண்டரை மீற்றர் இடைவெளியில் நட்டால் அரை ஏக்கருக்குச் சரியாக வரும். அரை மீற்றர்தான் ஏறியது என்றால் பாதிக் காணியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பப்பாசி தாகத்தைப் பொறுக்காது, பூவைக் கொட்டிவிடும். மார்கழியில் கிணறு நிரம்பி வழிகிறபோது பார்த்து எத்தனை கன்று நடுவது என்று முடிவெடுக்கக் கூடாது.

கேள்வி: குளத்துத் தண்ணீர் எல்லாம் நெல்லுக்கே போகிறது. பழத்தோட்டக்காரர் விவசாயி இல்லையா? – ஒரு வாசகர், கந்தளாய்

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. ஒரு ஏக்கர் சிறுபோக (கோடைப் போக) நெல்லுக்கு வயலில் 1,000 மில்லிமீற்றர் என்று வைத்தாலும் 40 லட்சம் லீற்றர். ஒரு ஏக்கரில் 40 மாமரம், 80 லீற்றர், நாலு மாதம் என்று பெருக்குங்கள், நாலு லட்சத்துக்குள் அடங்கிவிடும். பத்தில் ஒரு பங்கு! அதற்காக நெல்லை நிறுத்து என்று நான் சொல்ல மாட்டேன், சோற்றுக்கு நெல்தான். ஆனால் சிறுபோகம் வெட்டி முடிந்து குளத்தின் துருசை (மதகை) பூட்டிய பிறகு மாரி வரும்வரை இருக்கிற அந்த இடைவெளிதான் மரத்தைக் கொல்கிறது. போகம் தொடங்குமுன் தண்ணீர் திறக்கும் திகதியைத் தீர்மானிக்கிற கூட்டத்துக்கு வயல்காரர்தான் போகிறார்கள், நீங்களும் போங்கள், அந்த இடைவெளியில் ஒரு தடவையாவது வாய்க்காலில் தண்ணீர் விடச் சொல்லிக் கேளுங்கள். வாய்க்காலாலும் வயலாலும் கசிவதுதான் பக்கத்துத் தோட்டக் கிணறுகளை ஊற வைக்கிறது. வாய்க்காலுக்குக் கொங்கிறீற் போடும் பேச்சு வந்தால் இதையும் எடுத்துச் சொல்ல வேண்டும்.

கேள்வி: கன்றுக்கு மண்பானை புதைத்துத் தண்ணீர் விடலாமா? – ஒரு வாசகி, குச்சவெளி

பதில்: தாராளமாக. மினுக்குப் பூசாத பானையாக இருக்க வேண்டும், வாய் மட்டும் வெளியே தெரியப் புதைத்து, நிரப்பி, மூடிவிடுங்கள், நுளம்பும் வராது. சுற்றி வைக்கோல் போடுங்கள். தண்ணீர் கசிவது நின்றால் பானையின் துளை அடைத்துவிட்டது, மாற்றிவிடுங்கள்.

கேள்வி: சவர் கலந்த தண்ணீரில்தான் சொட்டு நீர் ஓடுகிறது. மழை தொடங்கியதும் குழாயைச் சுருட்டி வைக்கலாமா? – ஒரு வாசகர், கிண்ணியா

பதில்: அவசரப்படாதீர்கள். சொட்டு விழுகிற இடத்தைச் சுற்றி வெள்ளை வளையம் ஒன்று படிந்திருக்கும், கோடை முழுக்க ஓரத்துக்குத் தள்ளப்பட்ட உப்பு அது. முதல் சிறு மழை அதைக் கரைத்து நேரே வேருக்குள் இறக்கும், மழை பெய்த பிறகு மரம் கருகியது என்று சிலர் எழுதுவது இதனால்தான். மழை தூறும்போதும் சொட்டு ஓடட்டும், உள்ளிருந்து வெளியே தள்ளிக்கொண்டிருக்கட்டும். மண்வெட்டியால் தோண்டிப் பார்த்து, ஒரு முழ ஆழத்துக்கு நிலம் நன்றாக நனைந்த பிறகு குழாயைச் சுருட்டுங்கள்.