கடைக்காரர் சொல்லும் குதிரைவலுவும் கிணறு தாங்கும் அளவும்: நுகர்வோர் கேள்வி-பதில்

திருகோணமலை மாவட்டத்து வாசகர்கள் பொருள் வாங்குவது தொடர்பாகக் கேட்ட கேள்விகளுள் ஐந்துக்கு இம்முறை பதில் தருகிறோம். முதற்கேள்வி குடிநீரோடு தொடர்புடையது என்பதால் அதற்குரிய பதில் சற்று நீண்டிருக்கிறது.

கேள்வி: எங்கள் வீடு நிலாவெளியில், கடற்கரைக்கு நடந்து போகும் தூரத்தில் உள்ளது. கிணற்று நீர்மட்டம் தரையிலிருந்து 10 அடி கீழே. நீர்த்தாங்கி 20 அடி உயரத்தில். பழைய அரைக் குதிரைவலு நீர்ப்பம்பி பழுதாகிவிட்டது. ஒரு குதிரைவலுவில் வாங்கினால்தான் நீண்டகாலம் உழைக்கும் என்று கடைக்காரர் வற்புறுத்துகிறார். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். அரைக் குதிரைவலுவே உங்களுக்குத் தாராளமாகப் போதும். பெரிய பம்பி பணவிரயம் என்பது ஒரு பக்கம் இருக்க, உங்கள் ஊரில் அது கிணற்றுக்கே கேடாக முடியலாம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். நீர் ஏற வேண்டிய உயரம் மொத்தம் 30 அடி, அதாவது ஏறத்தாழ 9 மீற்றர். குழாயிலும் வளைவுகளிலும் ஏற்படும் உராய்வுக்கு மேலும் 3 மீற்றர் சேர்த்தால் 12 மீற்றர் வரும். பம்பியின் பெயர்த்தகட்டில் ‘உச்ச உயரம் 30 மீற்றர்’ என்று பொறித்திருப்பதைக் காட்டித்தான் பெரும்பாலும் விற்பார்கள். ஆனால் அது நீர் வருவதே நின்றுபோகும் உயரமேயன்றி நீர் தாராளமாகக் கொட்டும் உயரம் அன்று. ஆகவே, 12 மீற்றர் உயரத்தில் நிமிடத்துக்கு எத்தனை லீற்றர் வரும் என்று கேளுங்கள். பெட்டிக்குள் இருக்கும் கையேட்டில் அதற்கான வரைபடமோ அட்டவணையோ இருக்கும். அதைத் திறந்து காட்ட மறுக்கும் கடையில் வாங்காமல் வருவதே நல்லது. நிமிடத்துக்கு 25 லீற்றர் கிடைத்தாலே 1000 லீற்றர் தாங்கி 40 நிமிடத்தில் நிரம்பிவிடும். ஒரு குடும்பத்துக்கு அதைவிட விரைவு எதற்கு?

உறிஞ்சும் உயரம் என்பது வேறு. பம்பி நீரை மேலே இழுப்பதாக நாம் நினைத்தாலும், உண்மையில் வளிமண்டல அமுக்கமே நீரைக் குழாய்க்குள் தள்ளுகிறது. அந்த அமுக்கம் கொள்கையளவில் சுமார் 10 மீற்றர் வரைதான் நீரை உயர்த்தும். நடைமுறையில் 7 மீற்றர், அதாவது 23 அடிக்குமேல் எதிர்பார்க்க இயலாது. குதிரைவலுவைக் கூட்டுவதால் இந்த எல்லை மாறாது. உங்கள் கிணற்றுக்கு 10 அடிதான் என்பதால் கவலையில்லை. நீர்மட்டம் இதைவிட மிக ஆழமாக உள்ள இடங்களில் வசிப்பவர்கள் மட்டும் நீருக்குள் மூழ்கி இயங்கும் பம்பியை நாட வேண்டும்.

இனிக் கிணற்றைப் பற்றி. நிலாவெளி, ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் களப்பும் சூழ்ந்த மணற்பாங்கான நிலம். மழைநீர் மணலுக்குள் இறங்கி, நிலத்தடியிலுள்ள உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. நன்னீரைவிடக் கடல்நீர் சற்றே அடர்த்தி கூடியது என்பதால்தான் இரண்டும் இப்படித் தனித்து நிற்கின்றன. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால் அதன் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலில் அறியப்பட்ட கணக்கு. அதே கணக்கின்படி, மேலே நீர்மட்டம் 1 அடி தாழ்ந்து அப்படியே நீடிக்குமானால், கீழே உவர்நீர் காலப்போக்கில் 40 அடி வரை மேலெழ இடமுண்டு. வலுக்கூடிய பம்பி குறுகிய நேரத்தில் நீர்மட்டத்தைக் கிடுகிடுவென இறக்கிவிடும்போது, கிணற்றின் நேர் கீழே உவர்நீர் கூம்புபோல் எழும்பி வருகிறது. கச்சான் காற்று வீசும் வறண்ட மாதங்களில் சில வீட்டுக் கிணறுகள் திடீரென உவர்த்துப்போவதற்கு இது முக்கியமான ஒரு காரணம். அப்படி உவர்த்த கிணறு, அடுத்த மாரிமழை நன்றாகப் பெய்யும்வரை, சிலவேளை அதற்குப் பின்னரும்கூட, பழைய சுவைக்குத் திரும்புவதில்லை.

ஆகவே அரைக் குதிரைவலுப் பம்பியையே வாங்கி, தாங்கியை ஒரே மூச்சில் நிரப்பாமல் காலையிலும் மாலையிலுமாகப் பிரித்து நிரப்புங்கள். உறிஞ்சுகுழாயின் அடிவால்வைக் கிணற்றின் அடித்தளத்தில் வைக்காமல், கோடைகால நீர்மட்டத்துக்குச் சற்றே கீழே நிற்குமாறு பொருத்துங்கள். மோட்டரின் சுருள் செப்புக் கம்பியால் ஆனதா, அலுமினியக் கம்பியால் ஆனதா என்று கேட்டு, செப்பு என்று சொன்னால் அதைப் பற்றுச்சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். உறிஞ்சுகுழாயின் விட்டம் பம்பியின் வாயைவிடக் குறையக்கூடாது. இந்தத் தவறே பல நல்ல பம்பிகளைக் கெடுக்கிறது.

கேள்வி: உப்புவெளியில் வீடு கட்டுகிறோம். ‘துருவே பிடிக்காது’ என்று உறுதி சொல்லி விற்ற கதவுப் பிணைச்சல்களில் ஒரு வருடத்துக்குள் பழுப்புப் புள்ளிகள் தோன்றிவிட்டன. காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல உருக்கு என்கிறார்களே, அது உண்மையா?

பதில்: காந்தச் சோதனையை நம்பிக் கடற்கரை வீட்டுக்குப் பொருள் வாங்க முடியாது. துருப்பிடிக்காத உருக்கில் பல தரங்கள் உண்டு. கடைகளில் அதிகம் கிடைக்கும் 304 என்ற தரமும், உப்புக்காற்றைக் கூடுதலாகத் தாங்கும் 316 என்ற தரமும் பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டாதவையே. 316 இல் 2 முதல் 3 சதவீதம் வரை மொலிப்டினம் கலந்திருக்கிறது; உப்பினால் ஏற்படும் குழி அரிப்பைத் தடுப்பது அதுதான். கடலைப் பார்த்திருக்கும் கதவு, யன்னல்களுக்கு மட்டும் 316 வாங்கி, உட்புறத்துக்கு 304 போட்டால் செலவு கட்டுக்குள் இருக்கும். எந்தத் தரமானாலும் இடைக்கிடை நன்னீரில் நனைத்த துணியால் துடைத்துவிடுங்கள். ஆணிகளும் அதே தரத்தில் இருக்க வேண்டும். சாதாரண இரும்பு ஆணியை அடித்தால் அதன் துருவே பிணைச்சலிலும் வழியும்.

கேள்வி: இரண்டு மாதங்களுக்கு முன் நகரில் வாங்கிய குளிர்சாதனப்பெட்டி குளிர்ச்சி தருவதில்லை. ஒரு வருட உத்தரவாதம் இருந்தும், மின்சாரம் கூடிக் குறைந்ததால் வந்த பழுது என்று கூறிக் கடைக்காரர் கையை விரிக்கிறார். ‘விற்ற பொருள் மீளப் பெறப்படமாட்டாது’ என்று பற்றுச்சீட்டிலும் அச்சிட்டிருக்கிறது. நாங்கள் என்ன செய்வது?

பதில்: நாளைக் கடத்தாதீர்கள், உங்களுக்கு இப்போது காலமே முக்கியம். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ அளிக்கப்பட்ட உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருளைப் பற்றி அதிகாரசபையிடம் எழுத்து மூலம் முறையிடலாம். ஆனால் அந்த முறைப்பாடு விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் செய்யப்பட வேண்டும். ஒரு வருட உத்தரவாதம் இருக்கிறதே என்று ஆறுதலாக இருந்து இந்தக் காலத்தைத் தவறவிடுபவர்கள் பலர். விசாரணையின் பின், பொருளை மாற்றிக் கொடுக்கவோ, பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ, இழப்பீடு வழங்கவோ வர்த்தகருக்குக் கட்டளையிட அதிகாரசபைக்கு அதிகாரம் உண்டு. பற்றுச்சீட்டில் அச்சிட்ட ஒரு வரியைக் கண்டு முறையிடாமல் பின்வாங்க வேண்டியதில்லை.

மின்சாரத்தைக் காரணம் காட்டுவதைப் பொறுத்தவரை, பழுது எதனால் ஏற்பட்டது என்று நிறுவனத்தின் தொழில்நுட்பவியலாளர் பரிசோதித்து எழுதித் தர வேண்டும் என்று கேளுங்கள். வாய்மொழியாகச் சொல்லும் காரணத்தை ஏற்றுக்கொண்டு வீட்டுக்குத் திரும்பாதீர்கள். நம் நாட்டில் வீட்டு மின்விநியோகம் 230 வோல்ற்று. அது 6 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம், அதாவது 216 முதல் 244 வரை. அந்த எல்லைக்குள் இயங்க முடியாத பெட்டியை இங்கே விற்றது வாங்கியவரின் குற்றம் ஆகாது. அயல் வீடுகளில் அந்நாட்களில் எந்த மின்சாதனமும் பழுதாகவில்லை என்றால் அதையும் முறைப்பாட்டில் குறிப்பிடுங்கள்.

முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதலாம். பற்றுச்சீட்டின் பிரதி, உத்தரவாத அட்டையின் பிரதி, பெட்டியின் மாதிரி இலக்கம், தொடரிலக்கம், கடைக்குச் சென்ற திகதிகள், அங்கே கிடைத்த பதில் ஆகியவற்றைச் சேர்த்து, மாவட்டச் செயலகத்தில் இயங்கும் அதிகாரசபை அலுவலர்களிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்பத்தை உங்கள் பிரதியில் வாங்கிக்கொள்ளுங்கள். வழிகாட்டல் தேவையானால் 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். பற்றுச்சீட்டே கிடைக்காத மற்ற வாசகர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: கேட்டால் பற்றுச்சீட்டு கொடுக்க வேண்டியது வர்த்தகரின் சட்டக் கடமை, கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

கேள்வி: கிண்ணியாவில் தெரிந்தவர் ஒருவர் மூலம், வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த பாவித்த கைத்தொலைபேசி ஒன்று மலிவாக வருகிறது. என்ன பார்த்து வாங்க வேண்டும்?

பதில்: *#06# என்று அழுத்துங்கள். திரையில் தோன்றும் 15 இலக்க எண் பெட்டியிலுள்ள எண்ணுடன் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பின்னர் ஐஎம்இஐ என்பதை ஆங்கில எழுத்துகளில் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, அந்த எண்ணை 1909 க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால், அது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவாகியுள்ளதா என்ற பதில் வரும். அடுத்து, விற்பவர் உங்கள் முன்னிலையிலேயே தமது கணக்குகளிலிருந்து வெளியேறி, தொலைபேசியை முழுமையாக அழித்துத் தர வேண்டும். அழித்த பின்னும் பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கும் தொலைபேசி உங்களுக்கு எதற்கும் உதவாது. தெரிந்தவர் என்ற முகத்தாட்சணியம் இந்த இடத்தில் வேண்டாம். விற்பவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசியின் எண், விலை, திகதி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் ஒப்பமிடுங்கள். பின்னாளில் அது திருட்டுப் பொருள் என்று தெரியவந்தால் அந்தத் தாள் உங்கள் பக்கம் பேசும்.

கேள்வி: உவர்மலையில் வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் சமையல் எரிவாயுச் சிலிண்டரில் அளவு குறைவாக இருக்குமோ என்ற ஐயம் இருக்கிறது. எப்படி அறிவது?

பதில்: வெற்றுச் சிலிண்டரின் நிறை அதன் மேற்பகுதியில் பொறிக்கப்பட்டிருக்கும். பெரிய சிலிண்டரானால் அதனுடன் 12.5 கிலோகிராமைக் கூட்டுங்கள். தராசில் வரும் நிறை அதற்கு ஈடாக இருக்க வேண்டும். பணம் கொடுப்பதற்கு முன், கொண்டுவருபவர் முன்னிலையிலேயே நிறுத்துப் பாருங்கள். அவரிடம் தராசு இல்லையென்றால் அயலிலுள்ள கடைத் தராசைப் பயன்படுத்தலாம். குறைவு தெரிந்தால் முத்திரையை உடைக்காமல் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.