சிம் கணக்கும் ஆள் கணக்கும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: மக்களின் வருமானம் உயர்ந்தால் செல்போன் சந்தாதாரர்கள் தானாகப் பெருகிவிடுவார்களா?

வருமானம் வேண்டும்தான். ஆனால் வளரும் நாடுகளில் நான் முதலில் பார்ப்பது கட்டணத்தை எப்படி வாங்குகிறார்கள் என்பதைத்தான். மாத பில் முறை நிலையான சம்பளம் உள்ளவருக்கே ஒத்துவரும். ப்ரீபெய்டு வந்த பிறகு, தினக்கூலி வாங்குபவரும் கையில் காசு இருக்கும் அன்று ரீசார்ஜ் செய்துகொள்ள முடிந்தது.

அடுத்தது, அழைப்பவரே கட்டணம் கட்டும் முறை. இந்தியாவில் 1995-இல் சேவை தொடங்கியபோது, வரும் அழைப்புக்கும் காசு கட்ட வேண்டியிருந்தது. 2003 மே மாதம் அது மாறியது. அந்த ஆண்டு மார்ச்சில் சுமார் 1.3 கோடியாக இருந்த இணைப்புகள், அடுத்த மார்ச்சுக்குள் இரண்டு மடங்கைத் தாண்டின. போட்டியும் அதே சமயத்தில் கடுமையானதால், முழுப் பெருமையையும் அந்த ஒரு விதிக்கே தரமாட்டேன். ஆனாலும், பேசச் செலவழிக்க முடியாதவரும் போன் வைத்திருக்கலாம் என்ற நிலையை அதுதான் கொண்டுவந்தது.

கேள்வி: நிறுவனங்கள் கூடினால் வளர்ச்சியும் கூடுமா?

ஓரளவு வரை. நைஜீரியாவில் 2001-இல் ஜிஎஸ்எம் என்ற செல்போன் சேவைக்கான உரிமங்களை ஏலம் விட்ட பிறகுதான் தொலைபேசி சாமானியர் கைக்கு வந்தது. ஆனால் அலைக்கற்றையைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்தால் எவராலும் நல்ல சேவை தர முடியாது.

கேள்வி: 100 பேருக்கு 100-க்கும் மேல் இணைப்புகள் என்றால் எல்லோரிடமும் போன் இருப்பதாக அர்த்தமா?

இல்லை. அது சிம் கணக்கு. சொந்த நெட்வொர்க்குக்குள் பேசுவது மலிவு, வெளியே பேசினால் செலவு என்று இருக்கும்வரை ஒருவரே இரண்டு மூன்று சிம் வைத்திருப்பார். அளவில்லா அழைப்புத் திட்டங்கள் வந்ததும் கூடுதல் சிம்மைக் கைவிடுவார், எண்ணிக்கை சரியும். அதைச் சந்தையின் வீழ்ச்சி என்று எழுதுவது தவறு. பயன்பாட்டில் உள்ள சிம்களின் எண்ணிக்கையைத் தனியாகப் பாருங்கள். இந்தியாவில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அதை விஎல்ஆர் கணக்கு என்ற பெயரில் வெளியிடுகிறது.

கேள்வி: டவர் இருக்கிறது, சிக்னலும் கிடைக்கிறது. ஆனாலும் பல பெண்களிடம் போன் இல்லையே, ஏன்?

என்னை அதிகம் உறுத்துவது இதுதான். கருவியின் விலையும் அதன் மீதான வரியும் முதல் தடை. சிம் வாங்க அடையாள ஆவணம் கட்டாயம் என்றால், அது இல்லாத பெண் அங்கேயே நின்றுவிடுகிறார். எழுதப் படிக்கத் தெரியாததும், வீட்டார் விடாததும் சேர்ந்துகொள்கின்றன.

சொந்த எண் இருந்தால் என்ன கிடைக்கும் என்பதும் முக்கியம். கென்யாவில் 2007-இல் வந்த எம்-பெசா என்ற செல்போன் பணச் சேவை, பணம் அனுப்பவும் சேமிக்கவும் வழி தந்தது. தனக்கென ஒரு சிம் வாங்க அதுவே வலுவான காரணமானது. கணக்கெடுக்கும்போது வீட்டில் போன் உண்டா என்பதோடு விட்டுவிடாதீர்கள். சிம் யார் பெயரில் இருக்கிறது, பகலில் போன் யார் கையில் இருக்கிறது என்றும் கேளுங்கள்.