நீர்மூழ்கி ஓட்ட ஆசைப்படுகிற மகன்: ஒரு தாய்க்குப் பதில்

அக்கா, முதலில் உங்கள் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். இலங்கைக் கடற்படையிடம் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றுகூட இல்லை, ஆகவே ஓ.எல். (சாதாரணதரப் பரீட்சை) எழுதிவிட்டு வீட்டில் இருக்கிற மகன் நாளைக்கே நீருக்கடியில் போய்விடுவான் என்று நித்திரை கெடத் தேவையில்லை. எங்கள் பக்கத்துக் கடலும் அதற்குச் சரிவராது. பாக்கு விரிகுடாவில் பெரும்பாலும் ஆழம் 15 மீற்றரைத் தாண்டாது. இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க நீர்மூழ்கி பெரிஸ்கோப்பை (நீருக்கடியிலிருந்து மேலே பார்க்கிற குழாயை) மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு மறைந்து நிற்கவே ஏறத்தாழ 18 மீற்றர் வேண்டும்.

ஆனால் "யூடியூப் பார்த்துக் கெட்டுப்போறான்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதை நான் ஏற்கமாட்டேன். போர்க்காலத்தில் ஆழம் குறைந்த கரையோரத்தில் நீர்மூழ்கியை எப்படித் தரைதட்டாமல் கொண்டுபோவது என்று அவன் கேட்கிற கேள்விக்குள் உயர்தரப் பௌதிகவியலில் பாதி இருக்கிறது. உப்புக் குறைந்த நீருக்குள் நுழைந்தால் அடர்த்தி குறைந்து கப்பல் தாழும், அது ஆக்கிமிடிசின் மிதப்பு விதி. வேகத்தைக் கூட்டினால் கப்பலின் அடிப்பகுதிக்கும் கடல் தரைக்கும் நடுவே நீர் விரைந்தோடி அமுக்கம் குறைய, கப்பல் இன்னும் கீழே இழுபடும், அது பேர்ணூலியின் விதி. ஒலி அனுப்பி ஆழம் பார்க்கலாம்தான், எதிரிக்கும் அது கேட்கும். ஜிபிஎஸ் கடல்நீருக்குள் வேலை செய்யாது. மிஞ்சுவது வரைபடமும், வேகம், திசை, நேரம் வைத்துப் போடுகிற கணக்கும்தான்.

1915 ஏப்ரல் 25 அன்று ஏஇ2 என்ற அவுஸ்திரேலிய நீர்மூழ்கி துருக்கியின் தார்தனெல்ஸ் நீரிணைக்குள் நுழைந்தபோது மேலே உப்புக் குறைந்த நீர் ஒரு பக்கம் ஓட, கீழே உப்பு நீர் மறுபக்கம் ஓடியது. துருக்கியரின் கோட்டைகளுக்குக் கீழேயே இரண்டு தடவை தரைதட்டி, அப்படியும் தப்பிப் போனது. 1943 ஜனவரியில் வாஹூ என்ற அமெரிக்க நீர்மூழ்கியை நியூகினியின் வெவாக் துறைமுகத்தை நோட்டம் பார்க்க அனுப்பினார்கள், கையில் அந்த இடத்தின் ஒழுங்கான வரைபடமே இல்லை. கடைசியில் ஒரு மாலுமி வாங்கி வைத்திருந்த பள்ளிக்கூட அட்லஸில் இருந்த சின்னப் படத்தைப் பெரிதாக்கி, அதை வைத்துக்கொண்டு உள்ளே போனார்கள். இதை மகனுக்குச் சொல்லுங்கள், புவியியல் புத்தகத்தைத் திரும்ப எடுத்தாலும் எடுப்பான்.

சரி, தொழிலுக்கு வருவோம். கடலின் ஆழத்தை அளந்து வரைபடம் போடுகிற வேலைக்குக் கடலளவை என்று பெயர். துறைமுகம், கடலடிக் கேபிள், கடற்காற்றாலை எதைக் கட்டுவதென்றாலும் இந்த வேலை தெரிந்தவர்கள் முதலில் வேண்டும், வெளிநாட்டிலும் வேலை இருக்கிறது. அவன் உயர்தரத்தில் கணிதப் பிரிவு எடுக்கட்டும். சப்ரகமுவப் பல்கலைக்கழகத்தின் நில அளவைப் பட்டம் இதற்கு நேரான பாதை. சோனார், அதாவது ஒலியை வைத்து நீருக்கடியில் அறிகிற கருவி, பக்கம் ஆர்வம் போனால் கிளிநொச்சியில் இருக்கிற யாழ். பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் மின் மற்றும் இலத்திரனியல் படிக்கலாம். கப்பல் ஓட்டத்தான் வேண்டும் என்றால் வணிகக் கப்பலில் கடெற்றாக (பயிற்சி அதிகாரியாக) சேரலாம், ஆனால் தனியார் பயிற்சி நிலையங்கள் காசு கேட்கும். பணம் கட்டமுதல் கப்பலில் இடம் எடுத்துத் தருவார்களா என்று எழுத்தில் கேளுங்கள், வாய்ப்பேச்சை நம்பவேண்டாம். கடற்படையில் சேர்வதா என்பது உங்கள் வீட்டுத் தீர்மானம், எங்கள் ஊரில் அந்தப் பேச்சின் பாரம் எனக்கும் தெரியும். மேலே சொன்ன எதற்கும் கடற்படைச் சீருடை தேவையில்லை.

ஒன்றை மட்டும் பிரிவு தெரிவு செய்யமுதல் செய்துவிடுங்கள்: கண் வைத்தியரிடம் நிறக்குருட்டுப் பரிசோதனை. சிவப்பு, பச்சை பிரித்தறிய முடியாதவரைக் கப்பலை ஓட்டுகிற மேல்தள அதிகாரியாக எடுக்கமாட்டார்கள், பெடியன்கள் பலருக்கு அந்தக் குறை இருப்பதே தெரியாது. முடிவு வந்ததும் எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள்.