பழைய தொழிற்சாலை நிலம் கடலோரக் குடியிருப்பாக மாற ஏன் நீண்ட காலம் எடுக்கிறது?

கைவிடப்பட்ட தொழிற்சாலை நிலத்தைத் துப்புரவாக்கி, வீதி, வடிகால், வீடு, பொதுவெளி அனைத்தையும் ஒரே திட்டத்தின் கீழ் அமைத்து மக்களைக் குடியேற்றுவதே தொழில் நில மீளபிவிருத்தி ஆகும்.

காலத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்வது மண்தான். எண்ணெய்களும் ஈயம் போன்ற உலோகங்களும் பல ஆண்டுகளாக நிலத்துள் இறங்கியிருக்கும். கடலோரத்தில் நிலத்தடி நீர்மட்டம் மேலேயே இருப்பதால், அவை விரைவில் நீரோடு கலந்து அயற்காணிகளுக்கும் பரவக்கூடும். அசுத்தமான கிணற்றை இறைத்துச் சேறு அள்ளாமல், கட்டுக்கு மட்டும் வெள்ளையடித்துவிட்டு அதன் நீரைக் குடிக்க முடியாதல்லவா?

சுவீடனின் மால்மோ நகரில், கப்பல் கட்டும் தொழில் நலிந்தபின், மேற்குத் துறைமுகப் பகுதியில் 2001ஆம் ஆண்டு வீடமைப்புக் கண்காட்சியொன்றுடன் புதிய குடியிருப்பு தொடங்கியது. அங்கே மாசடைந்த மண் முதலில் கவனிக்கப்பட்டது. கடற்காற்றைத் தடுக்க உயர்ந்த கட்டடங்கள் கரையோரமாகவும், சிறிய வீடுகள் அவற்றின் மறைவிலும் அமைந்தன. கரையோரம் எல்லோரும் உலாவும் பொதுவெளியாக விடப்பட்டதே அத்திட்டத்தின் மிகச் சிறந்த முடிவு என்று கருதுகிறேன்.

வன்னியில், ஆனையிறவு உப்பைக் கொண்டு எரிசோடாவும் குளோரினும் தயாரித்து, போரினால் செயலிழந்த பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை போன்ற நிலங்களில் எதைக் கட்ட எண்ணினாலும், மண்ணையும் அயற்கிணறுகளையும் பரிசோதிப்பதே முதல் வேலையாக இருக்க வேண்டும்.

தொழிற்சாலை மூடிப் பல மாரி கடந்துவிட்டால் நஞ்சு தானாகவே கழுவுண்டு போய்விடும் என்று பலர் நம்புகின்றனர். ஆனால் உலோகங்கள் சிதைவதில்லை, மழைநீர் அவற்றை இன்னும் ஆழத்துக்கோ அடுத்த காணிக்கோ நகர்த்தவே செய்யும்.