டிவிதான் சோறு போட்டது

கேள்வி: 2021-ல் ஆஸ்கர் வாங்கிய கொரிய நடிகை யூன் யோ-ஜொங் சினிமாக்காரரா, சீரியல்காரரா? (ஒரு வாசகி, திருச்சி)

பதில்: சந்தேகமே வேண்டாம், சீரியல்காரர். 1947-ல் பிறந்தவர்; கல்லூரியில் படிக்கும்போதே 1966-ல் டிபிசி தொலைக்காட்சியில் நடிக்க வந்துவிட்டார். 1971-ல் எம்பிசி தொலைக்காட்சியின் சரித்திரத் தொடரில் அரசரின் ஆசைநாயகி ஜாங் ஹூய்-பின்னாக, வில்லியாக, நாடறிந்தார். அதே ஆண்டு கிம் கி-யங் இயக்கத்தில் முதல் படம். பிறகு கல்யாணம், அமெரிக்கா, சுமார் பத்தாண்டு இடைவெளி.

சிக்கல் திரும்பி வந்தபோதுதான். 1987-ல் விவாகரத்து, கையில் இரண்டு பிள்ளைகள். விவாகரத்தானவளைத் திரையில் காட்டுவதா என்று முகம் சுளித்த காலம் அது. கிடைத்த சின்ன வேடங்களை எல்லாம் ஏற்றார். 'பசியோடு இருக்கும் நடிகைதான் நன்றாக நடிப்பாள்' என்பது அவரே சொல்லும் கணக்கு, ஓரளவு உண்மைதான்!

ஆஸ்கர் தந்த 'மினாரி' படத்தில் பேரனுக்குச் சீட்டாட்டம் சொல்லித்தரும், சமையல் வராத பாட்டி. நடிப்புக்காக ஆஸ்கர் பெற்ற முதல் கொரியர் இவர். அப்போது வயது 73. மேடையில் நன்றி சொன்னபோது, வேலைக்குப் போகவைத்த மகன்களையும் முதல் இயக்குநர் கிம் கி-யங்கையும் மறக்கவில்லை. அவரை சீரியலில் பார்க்க, 2016-ல் வந்த 'டியர் மை ஃபிரெண்ட்ஸ்' நல்ல தொடக்கம், 16 பாகம்தான்.