விளம்பரக் கமிஷனில் மோசடி: பில்லை நிறுத்தி வைக்கலாமா?

கேள்வி: நாங்கள் வி.பி.என். சேவை (இணைய இணைப்பை வேறொரு சர்வர் வழியாக அனுப்பி, பயனரின் அடையாளத்தை மறைக்கும் சேவை) வழங்கும் சிறு நிறுவனம். எங்களுக்கு இணைய விளம்பரம் செய்யும் நிறுவனத்துக்கு, சேரும் ஒவ்வொரு சந்தாதாரருக்கும் கமிஷன் தருகிறோம். சில மாதங்களாக அவர்கள் வழியே வந்தவர்களில் பாதிப்பேருக்கு மேல், நாங்கள் கமிஷன் கொடுத்து முடித்ததும் சந்தாவை ரத்து செய்து பணத்தைத் திரும்ப வாங்கிவிடுகிறார்கள். மோசடி என்று கருதிக் கடைசி பில்லை முழுவதுமாக நிறுத்திவிட்டோம். இப்போது வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. என்ன செய்வது?

பதில்: உங்கள் சந்தேகம் நியாயமானதுதான். ஆனால் முழு பில்லையும் நிறுத்தியது தவறான நடவடிக்கை. ஒப்பந்தத்தை முதலில் மீறியவர் நீங்கள்தான் என்று அவர்கள் வாதிட அது இடம் கொடுத்துவிட்டது. சந்தேகத்துக்கு இடமில்லாத சந்தாக்களுக்கான தொகையைக் கணக்கிட்டு உடனே செலுத்துங்கள். மீதித் தொகைக்கு மட்டும், காரணங்களைக் குறிப்பிட்டு எழுத்துமூலம் ஆட்சேபம் தெரிவியுங்கள். பில் வந்து குறிப்பிட்ட நாள்களுக்குள் ஆட்சேபிக்காவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும் என்ற ஷரத்து இத்தகைய ஒப்பந்தங்களில் அடிக்கடி இருக்கும். அதை இன்றைக்கே தேடிப் பாருங்கள். எண்ணிக்கையில் தகராறு வந்தால் யாருடைய கணக்கு செல்லும் என்ற ஷரத்தையும் கவனியுங்கள். அது அவர்களுடைய கணக்கு என்றிருந்தால், உங்கள் ஆதாரம் இன்னும் வலுவாக இருந்தாக வேண்டும்.

ஆதாரத்தில்தான் உங்கள் தொழிலுக்கே உரிய சிக்கல் இருக்கிறது. மற்ற தொழில்களில், ஒரே ஐ.பி. முகவரியிலிருந்து (இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) நூற்றுக்கணக்கான கிளிக்குகள் வந்தால் மோசடி என்று சொல்லிவிடுவார்கள். வி.பி.என். வாங்க வருபவரோ ஏற்கெனவே வேறொரு வி.பி.என். வழியாக வந்திருக்கலாம். அவருடைய முகவரி டேட்டா சென்டருக்கு உரியதாகவும், பலர் பகிர்ந்துகொள்வதாகவும் இருப்பது இயல்பு. ஐ.பி. பட்டியலை மட்டும் நம்பி வழக்காடினால் குறுக்கு விசாரணையில் அது நிற்காது. இதற்கு மறுபக்கமும் உண்டு. மெத்பாட் என்ற விளம்பர மோசடியில், வாடகை சர்வர்களின் ஐ.பி. முகவரிகளை வீட்டு இணைப்புகள் போலப் பதிவு செய்து ஏமாற்றினார்கள். அதை நடத்தியவருக்கு 2021இல் அமெரிக்க நீதிமன்றம் 10 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. ஐ.பி. முகவரி எந்தப் பக்கத்துக்கும் தனிச் சான்றாகாது.

ஆகவே, ஒவ்வொரு கிளிக்குக்கும் தரப்படும் அடையாள எண், கிளிக்குக்கும் பணம் செலுத்தியதற்கும் இடைப்பட்ட நேரம், விளம்பர நிறுவனத்தின் கீழ் வேலை செய்யும் எந்தத் துணை விளம்பரதாரர் வழியாக வந்தது, பணம் எந்த நாளில் திரும்பப் போனது, கார்டு உரிமையாளர் வங்கியில் புகார் செய்தாரா என்பவற்றை ஒரே அட்டவணையாக்குங்கள். கமிஷன் வழங்கிய மறுநாளிலிருந்து ரத்துகள் குவிவதும், அவை இரண்டொரு துணை விளம்பரதாரர்களிடமிருந்து மட்டும் வருவதும் தெரிந்தால், நீதிமன்றம் மதிக்கும் சான்று அதுதான். மூலப் பதிவுகளைத் திருத்தாமல் பாதுகாத்து வையுங்கள்.

ஒன்றை மட்டும் செய்யவே கூடாது. சந்தாதாரர் சேவையை உண்மையிலேயே பயன்படுத்தினாரா என்று பார்க்க, வி.பி.என். சர்வரில் அவருடைய இணையப் பயன்பாட்டைப் பதிவு செய்யத் தொடங்காதீர்கள். 'பதிவு வைத்திருப்பதில்லை' என்று விளம்பரம் செய்திருந்தால், அது வாடிக்கையாளருக்கு நீங்கள் கொடுத்த வாக்குறுதி. அதை மீறினால் கமிஷன் வழக்கைவிடப் பெரிய வழக்கை நீங்களே வரவழைத்துக்கொள்வீர்கள். விளம்பரக் கிளிக்கிலும் பணப் பரிமாற்றத்திலும் கிடைக்கும் தரவே போதும். அதையும் உங்கள் தனியுரிமைக் கொள்கை அனுமதிக்கும் அளவுக்குள் பயன்படுத்துங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜி.டி.பி.ஆர். என்ற தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி ஐ.பி. முகவரியும் தனிநபர் தரவாகக் கருதப்படக்கூடியது.

இனி வரும் ஒப்பந்தங்களில் இந்த ஓட்டையை அடைத்துவிடுங்கள். 30 நாள்களுக்குள் பணம் திரும்பத் தருவோம் என்று வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டு, 15ஆம் நாளே கமிஷன் கொடுத்தால் மோசடிக்காரருக்கு வேறு திறமையே தேவையில்லை. திரும்பத் தரும் காலம் முடிந்த பிறகே கமிஷன் என்று எழுதுங்கள். கார்டு புகார்கள் பல மாதம் கழித்தும் வரலாம் என்பதால், ஒரு பகுதியைப் பிடித்து வைக்கவும் கொடுத்ததைத் திரும்பப் பெறவும் உரிமை சேருங்கள். எது செல்லாத சந்தா என்பதையும், அதை எந்தத் தணிக்கையாளர் முடிவு செய்வார் என்பதையும் பெயர் சொல்லியே எழுதுங்கள்.

நோட்டீஸுக்குக் கெடு முடியுமுன் பதில் போக வேண்டும். அதில் குற்றவியல் புகார் கொடுப்போம் என்று மிரட்டிப் பணத்தைக் குறைக்கக் கேட்காதீர்கள். பல நாடுகளில் அந்த மிரட்டலே குற்றமாகலாம். உங்களுடன் ஒப்பந்தம் செய்த நிறுவனமே கீழே இருக்கும் துணை விளம்பரதாரர்களிடம் ஏமாந்திருக்கவும் வாய்ப்புண்டு. ஆகவே அட்டவணையை இணைத்து, அந்தத் துணை விளம்பரதாரர்களின் விவரங்களையும் அவர்களுக்குக் கொடுத்த தொகையையும் பதிலிலேயே கேளுங்கள். அவர்கள் தர மறுத்தால், அந்த மறுப்பும் உங்கள் தரப்பு ஆவணமாகும்.